தோட்ட வேலைக்கு எதுக்கு அஞ்சு வருஷம்? மேலூர் தம்பிக்கு ஒரு பதில்

மேலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. பேரு போட வேணாம்னு கேட்டதால போடல. கடிதம் கொஞ்சம் நீளம், சுருக்கித் தர்றேன்.

"அக்கா, நான் கவர்மென்ட் ஸ்கூல்ல பிளஸ் டூ, தமிழ் மீடியம், பயோ மேத்ஸ் குரூப். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் டிகிரி படிக்கணும்னு ஆசை. சிங்கப்பூர்ல ஆத்து ஓரமா ஒரு பார்க் இருக்குல்ல, அந்த வீடியோ பாத்ததுல இருந்தே இதே நினைப்புதான். ஆனா நம்ம பக்கம் எந்த காலேஜ்லயும் அந்தப் பேர்ல யூஜி இல்ல. மதுரைல ஒரு கன்சல்டன்ட் ஆபீஸ்ல, வெளிநாட்டுல பேச்சிலர்ஸ் இருக்கு, லோன் போட்டுத் தர்றோம்னு சொல்றாங்க. அப்பா கொத்தனார். தோட்ட வேலை பாக்க எதுக்குடா அஞ்சு வருஷம், சிவில் படி, இல்லைனா என்கூட சைட்டுக்கு வாங்கிறாரு. என்ன பண்ணட்டும்? இப்பவே ஆட்டோகேட் கிளாஸ் சேரட்டுமா?"

தம்பி, நேரா விஷயத்துக்கு வந்துர்றேன். நம்ம நாட்டுல இதுக்கு இருக்குற வழக்கமான ரூட்டு, முதல்ல பி.ஆர்க், அதாவது கட்டடக்கலை டிகிரி, அஞ்சு வருஷம், அதுக்கு மேல லேண்ட்ஸ்கேப்ல மாஸ்டர்ஸ் ரெண்டு வருஷம். டெல்லி எஸ்பிஏல, அதாவது ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்ல, 1972-லயே இந்த மாஸ்டர்ஸ் ஆரம்பிச்சுட்டாங்க. போபால் எஸ்பிஏ, விஜயவாடா எஸ்பிஏ, அகமதாபாத் செப்ட் யூனிவர்சிட்டி, நம்ம சென்னை அண்ணா யூனிவர்சிட்டி, எல்லா இடத்துலயும் லேண்ட்ஸ்கேப்னா பிஜிதான். அதனால நீ தேடித் தேடி கிடைக்கலைனா அது உன் தப்பு இல்ல, கடைல இல்லாத சாமான நீ கேட்டுக்கிட்டு இருந்துருக்க. எங்கயாவது நேரடி யூஜினு விளம்பரம் பாத்தேனா உடனே பணத்த கட்டிறாத, யூஜிசில அந்த டிகிரி பேரு இருக்கா, சொல்லிக் குடுக்குறவங்கள்ல லேண்ட்ஸ்கேப் மாஸ்டர்ஸ் முடிச்சவங்க எத்தன பேரு, போன வருஷம் முடிச்ச பசங்க இப்ப எங்க இருக்காங்க, இந்த மூணையும் கேட்டுப் பாரு. மூணாவது கேள்விக்கு பேச்ச மாத்துனா எந்திரிச்சு வந்துரு.

அடுத்தது உங்கப்பா சொன்னது. தோட்ட வேலைனு அவரு சொன்னதும் உனக்கு கோவம் வந்துருக்கும், கடிதத்துலயே தெரியுது. ஆனா அவரு பாக்குற இடத்துல இருந்து அது நியாயமான கேள்விதான். நம்ம ஊர்ல லேண்ட்ஸ்கேப்னு சொல்லி என்ன நடக்குது? வீடு கட்டி முடிச்சு, பெயின்ட் அடிச்சு, பால் காய்ச்சுறதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நர்சரிக்காரருக்கு போன் போகும், ஒரு டாட்டா ஏஸ்ல புல்லு, ரெண்டு அரேகா பாம், கொஞ்சம் வெள்ளக் கூழாங்கல்லு வந்து இறங்கும், அம்புட்டுதான் லேண்ட்ஸ்கேப். இத தினமும் பாக்குற மனுஷன்கிட்ட போய் இதுக்கு அஞ்சும் ரெண்டும் ஏழு வருஷம்னா என்ன சொல்லுவாரு?

ஆனா நிஜமான வேலை செடிக்கு முன்னாடியே முக்கால்வாசி முடிஞ்சுரும். மட்டமும் தண்ணியும்தான் இந்தப் படிப்போட முதுகெலும்பு. மழை பெஞ்சா தண்ணி எங்க இருந்து வரும், எங்க நிக்கும், எங்க போகணும், அதுக்கு மண்ண எங்க வெட்டி எங்க போடணும், எந்த இடத்துல மனுஷன் நடப்பான், எந்த இடத்துல வண்டி திரும்பும், எந்த நிழல் மூணு மணிக்கு எங்க விழும், இதெல்லாம் முடிவான பிறகுதான் எந்த மரம்ங்கிற பேச்சே வரும். நீ பாத்த அந்த சிங்கப்பூர் பார்க், பிஷான் ஆங் மோ கியோனு நினைக்கிறேன், ஆத்த ஒட்டின பார்க்னா பெரும்பாலும் அதத்தான் எல்லாரும் வீடியோ எடுக்குறாங்க. அது முன்னாடி என்னவா இருந்துச்சுனு அந்த வீடியோக்காரங்க சொன்னாங்களா? கல்லாங்னு ஒரு ஆறு, அத நேரா வெட்டி காங்கிரீட் கால்வாயா வச்சிருந்தாங்க, 2.7 கிலோமீட்டர். அந்த காங்கிரீட்ட உடைச்சு எடுத்துட்டு வளைஞ்சு வளைஞ்சு ஓடுற ஆறா மாத்துனாங்க, அதே தூரம் 3.2 கிலோமீட்டர் ஆயிருச்சு, 2012-ல திறந்தாங்க. கரைல புல்லும் செடியும் அழகுக்கு மட்டும் இல்ல, மண்ண பிடிச்சு வைக்கிறதே அதுங்கதான், மழை வந்தா ஆறு பார்க்குக்குள்ள பரவி நிக்கும், வடிஞ்சதும் ஜனங்க மறுபடியும் அங்க போய் உக்காருவாங்க. அந்த ஐநூறு மீட்டர் வளைவுக்குள்ளதான் இந்தப் படிப்பே இருக்கு. இங்குட்டு நம்ம வைகையப் பாரு, ரெண்டு பக்கமும் சுவரக் கட்டி ரோட்டப் போட்டு வச்சிருக்கோம். எனக்கு அதுல வருத்தம் உண்டு, ஆனா அது தனிக் கதை, ஆரம்பிச்சா இந்தப் பதில் முடியாது.

சரி, உங்கப்பா கொத்தனார்னு எழுதியிருக்க. அத நீ ஒரு குறையா எழுதுன மாதிரி எனக்குப் பட்டுச்சு. தம்பி, பி.ஆர்க் மூணாவது வருஷத்துல கிரேடிங்னு ஒண்ணு வரும், தரைய எங்க உசத்தி எங்க இறக்கணும்னு மட்டம் குறிக்கிறது, டவுன்ல வளந்த பிள்ளைங்க அதுல முழி பிதுங்கி நிக்கும், பேப்பர்ல 99.85, 99.70னு எண்ணு எழுதுவாங்க, தரைல அது என்னனு கண்ணுக்குத் தெரியாது. உங்க வீட்டுல அது தினசரி பேச்சு. உங்கப்பாகிட்ட டியூப் மட்டம் இருக்கும், கண்ணாடி மாதிரி தெரியுற டியூபுல தண்ணி நிரப்பி வச்சிருப்பாரு. ஞாயித்துக்கிழமை அவர ஒரு அரை மணி நேரம் பிடி. ஒரு முனைய வாசல்படி பக்கத்துல அவரு வச்சுக்கட்டும், இன்னொரு முனைய நீ தூக்கிக்கிட்டு தெருக் கடைசிக்குப் போ, டியூபுக்குள்ள காத்துக் குமிழி இல்லாம பாத்துக்கோ, இருந்தா மட்டம் பொய் சொல்லும். ரெண்டு முனைலயும் தண்ணி ஆடி ஆடி நிக்கும், நின்னதும் ரெண்டு பேரும் தரைல இருந்து தண்ணி மட்டம் வரைக்கும் டேப்புல அளங்க. அவரு பக்கம் மூணு அடி, உன் பக்கம் மூணு அடி நாலு இஞ்சுனா உன் பக்கம் தரை நாலு இஞ்சு கீழ இருக்கு. இத ஒரு நோட்டுல தெருவோட படம் போட்டு அங்கங்க எழுதிக்கிட்டே வா. ஒரே மட்டம் வர்ற புள்ளியெல்லாம் கோடு போட்டு சேத்துப் பாரு, அதுதான் கான்டூர். காங்கிரீட்டோ பேவர் பிளாக்கோ போட்ட தரைக்கு நூத்துக்கு ஒண்ணு சாய்மானம் குடுக்குறது வழக்கம், அதாவது முப்பது அடி ஓடுனா மூணரை இஞ்சுக்குக் கொஞ்சம் மேல இறங்கணும். உன் தெருவுல அது இருக்கா இல்லையானு பாத்தா, யாரு வீட்டு வாசல்ல மழைக்கு தண்ணி நிக்குதுங்கிறதுக்கு காரணம் அந்த நோட்டுலயே தெரிஞ்சுரும். இத உங்கப்பாவ வச்சு பண்ணு. எதுக்கு அஞ்சு வருஷம்ங்கிறதுக்கு நீ பேசிப் புரிய வைக்கிறதவிட இது சீக்கிரம் புரியும்.

அடுத்து உங்க ஊரு கண்மாய்க்குப் போ. நீ மேலூர்ங்கிறதால சொல்றேன், உனக்கு கிடைச்ச மாதிரி கிளாஸ்ரூம் டெல்லிக்காரனுக்கு கிடையாது. பெரியாறு தண்ணி 1895-ல இருந்து மலைக்கு இந்தப் பக்கம் திரும்பி வருது, வைகை டேமுல சேந்து பேரணைல பிரிஞ்சு மெயின் கால்வாய்ல வருது, கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதுக்கு மேல உங்க மேலூர் பக்கம் ஒருபோகம். ஏன் அங்க இருபோகம் இங்க ஒருபோகம்னு உங்க தாத்தா காலத்துல இருந்தே சண்டை நடந்துருக்கும், தெரிஞ்சிருக்கும் உனக்கு. இப்ப அதையே ஒரு பேப்பர்ல படமா போட முடியுமானு பாரு. கால்வாய் எங்க, வயலுக்குத் தண்ணி திறக்குற மடை எங்க, வரத்துக்கால் எந்தப் பக்கம் இருந்து வருது, கரை எவ்வளவு உசரம், மிச்சத் தண்ணி வழியுற கலுங்கு எந்த மூலைல, நிறைஞ்சு மறுகால் பாஞ்சா தண்ணி எந்தக் கண்மாய்க்குப் போகுது, அந்தத் தண்ணி பாயுற ஆயக்கட்டு எதுவரைக்கும். நடுவுல வெட்டுன மாதிரி ஒரு குறுக்குப் படம், செக்ஷன்னு சொல்லுவோம், ஒரு பக்கம் நீர்ப்பிடி, நடுவுல கரை, மறுபக்கம் வயலு, வயலுக்கு அந்தப்பக்கம் ஊரு. பங்குனி சித்திரைல தண்ணி வத்திக்கிட்டே போகும்போது ஓரத்துல வரி வரியா மண்ணு கோடு விட்டுப் போகும் பாத்திருக்கியா, கொஞ்சம் பச்சை, கொஞ்சம் வெடிப்பு, மறுபடியும் பச்சை? ஒவ்வொரு வரியும் ஒரு மட்டம். கண்மாயே உனக்கு கான்டூர் மேப் வரைஞ்சு வச்சிட்டுப் போகுது, நீ போய் ஸ்கேல் வச்சு எடுத்துக்கிட்டு வர்றதுதான் பாக்கி.

அரிட்டாபட்டி உனக்குப் பக்கம்தானே? 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரிய தலமா அறிவிச்சாங்க, 2024 கடைசில டங்ஸ்டன் சுரங்க ஏலம்னு வந்து உங்க பக்கத்து ஜனமே நடந்து மதுரைக்கு வந்துச்சு, 2025 ஜனவரில ரத்து பண்ணாங்க. அந்தப் போராட்டத்துல ஜனங்க என்ன பேசுனாங்கனு ஞாபகம் இருக்கா? மலை, சுனை, கண்மாய், குடவரைக் கோயில், ஆடு மேயுற இடம், ராஜாளி கூடு கட்டுற பாறை, எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னாங்க. ஒண்ண எடுத்தா இன்னொண்ணு நிக்காதுனு அவங்களுக்குத் தெரியும். சைட் அனாலிசிஸ்னு காலேஜ்ல லேயர் லேயரா டிரேசிங் பேப்பர் வச்சு வரையச் சொல்லுவாங்க, அடில பாறை, மேல மண்ணு, அதுக்கு மேல தண்ணி, மரம், மிருகம், மனுஷன், சாமி. அரிட்டாபட்டிய அப்படி ஏழு ஷீட்டா வரைஞ்சு வச்சிக்கோ, எந்த இன்டர்வியூக்குப் போனாலும் அது பேசும். ஒரு வேண்டுகோள், முதல் பக்கத்துல குறிஞ்சி முல்லை மருதம்னு எழுதி மயில் படம் போட்டுறாத. தமிழ்நாட்டுல இருந்து வர்ற போர்ட்ஃபோலியோ பத்துக்கு எட்டு அப்படித்தான் ஆரம்பிக்குது, பாக்குறவங்களுக்கு அலுத்துப் போச்சு.

மதுரைக்கு வர்றப்ப தெப்பக்குளத்துல ஒரு ரவுண்டு நட. திருமலை நாயக்கர் காலம், ஒரு பக்கம் ஏறக்குறைய ஆயிரம் அடி. ரொம்ப வருஷம் காஞ்சு கிடந்து உள்ள பசங்க கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தாங்க, தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் தண்ணி விடுவாங்க. படிக்கட்டுக்கோ மைய மண்டபத்துக்கோ ஒரு குறையும் இல்ல, வரத்துக்கால்தான் போச்சு. பனையூர் கால்வாய சரி பண்ணி வைகைத் தண்ணிய விட்ட பிறகுதான் மறுபடி குளமாச்சு. சாயங்காலம் அங்க வர்ற கூட்டத்தையும் சுண்டல் கடையையும் பாத்துட்டு, அந்தத் தண்ணி உள்ள வர்ற வாய் எங்க இருக்குனு தேடிப் பிடிச்சு பாரு. அழகு பாக்குறவன் மண்டபத்தப் பாப்பான், நீ வாயத் தேடணும்.

சரி, இப்ப அட்மிஷன் கதைக்கு வருவோம். பயோ மேத்ஸ் குரூப் எடுத்தது உனக்கு அதிர்ஷ்டம், ரெண்டு பக்கமும் கதவு திறந்திருக்கு.

பி.ஆர்க்குக்கு மேத்சும் பிசிக்சும் கண்டிப்பா வேணும், உனக்கு இருக்கு. நாட்டானு ஒரு என்ட்ரன்ஸ் எழுதணும், கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் நடத்துறது, 200 மார்க், வரையுற பகுதி ஒண்ணு, யோசிக்கிற பகுதி ஒண்ணு. தமிழ்நாட்டு கவுன்சிலிங்ல பிளஸ் டூ மார்க்கையும் நாட்டா மார்க்கையும் சமமா சேத்து ரேங்க் போடுவாங்க. மதுரைலயே தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ்ல பி.ஆர்க் இருக்கு, சென்னைல அண்ணா யூனிவர்சிட்டியோட ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சர் இருக்கு. திருச்சி என்ஐடி, எஸ்பிஏ வேணும்னா நாட்டா பத்தாது, ஜேஇஇ மெயின் பேப்பர் டூ எழுதணும், அதுலயும் டிராயிங் உண்டு. நாட்டா கோச்சிங்னு சொல்லி பெருசா பணம் கேப்பாங்க, டவுன் பிள்ளைங்க போறாங்கனு நீயும் போய் கடன் வாங்காத. ஒரு நாளைக்கு ஒரு படம், பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, மேலூர் சந்தை, மாட்டுத் தொழுவம், எதையாவது பாத்து வரைஞ்சுக்கிட்டே இரு, பழைய கேள்வித்தாள போட்டுப் பாரு, கை திருந்திரும்.

பி.ஆர்க் உள்ள போனா லேண்ட்ஸ்கேப்புக்குனு பெருசா ஒண்ணும் இருக்காது, அதையும் சொல்லிடுறேன், அஞ்சு வருஷத்துல ஒரு தியரி பேப்பர், மிஞ்சிப் போனா ஒரு எலெக்டிவ். மத்ததெல்லாம் கட்டடம்தான். அப்ப எதுக்கு இந்த சுத்து வழினு கேப்ப. ஒண்ணு, வரையவும் இடத்த யோசிக்கவும் வேற எங்கயும் இப்படி பிழிஞ்சு எடுத்து சொல்லித்தர மாட்டாங்க. ரெண்டாவது சட்டம். 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஆர்க்கிடெக்ட்னு போர்டு மாட்டணும்னா கவுன்சில்ல பதிவு பண்ணியிருக்கணும். ஆனா அதே சட்டத்துல 37-வது பிரிவுல லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்டுக்கு விலக்கு குடுத்துருக்காங்க, பதிவு இல்லாமலே அந்தப் பேர போட்டுக்கலாம். இதோட அர்த்தம் என்ன? நீ ஏழு வருஷம் படிச்சிட்டு வந்து போர்டு மாட்டுவ, பக்கத்துக் கடைல போன மாசம் புல்லு வித்தவரும் அதே போர்ட மாட்டுவாரு, ரெண்டும் சட்டப்படி சரி. அதனால கைல பி.ஆர்க்கும் கவுன்சில் நம்பரும் இருந்தா லேண்ட்ஸ்கேப் வேலை மந்தமான வருஷத்துல வீடு டிசைன் பண்ணி கையெழுத்துப் போட்டுப் பொழைச்சுக்கலாம். கடைசி வருஷ தீசிஸ்ல லேண்ட்ஸ்கேப் தலைப்ப எடுத்துக்கோ, உங்க பக்கம் கிரானைட் குவாரி வெட்டி விட்டுட்டுப் போன பள்ளம் எத்தன கிடக்கு, அதுல ஒண்ண எடுத்தாலே போதும், ஒரு வருஷம் பத்தாது. அப்புறம் மாஸ்டர்ஸ்.

ரெண்டாவது கதவு தோட்டக்கலை. வேளாண் யூனிவர்சிட்டி பி.எஸ்சி ஹார்ட்டிகல்ச்சர், நாலு வருஷம், நமக்குப் பக்கத்துல பெரியகுளத்துலயே காலேஜ் இருக்கு, தனியா என்ட்ரன்ஸ் கிடையாது, பிளஸ் டூ மார்க்க வச்சுத்தான் ரேங்க். மேல எம்.எஸ்சில பூ வளர்ப்பும் லேண்ட்ஸ்கேப்பும் சேந்த பிரிவு ஒண்ணு இருக்கு. நீ ஆறாம் கிளாஸ்ல இருந்து பிளஸ் டூ வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல்லயே படிச்சிருந்தா 7.5 சதவீத ஒதுக்கீடு உனக்கு உண்டு, அதுல சீட்டு கிடைச்சா ஃபீஸ அரசாங்கமே கட்டும், ஃபார்ம்ல அந்தக் கட்டத்த டிக் பண்ண மறந்துறாத, மறந்துட்டு அழுத பிள்ளைங்கள எனக்குத் தெரியும். பி.ஆர்க் கவுன்சிலிங் ஃபார்ம்லயும் அந்த இடத்த தவறாம பாரு.

ரெண்டுல எது? எனக்கு வந்த கடிதத்த வச்சு சொல்றேன், நீ செடிய பத்தி ஒரு வரிகூட எழுதல, ஆத்தப் பத்தியும் நடக்குற இடத்தப் பத்தியும்தான் எழுதியிருக்க. உனக்கு பி.ஆர்க்தான். ஒருவேள ஒரு இலைய கிள்ளி மோந்து பாத்து இது என்ன மரம்னு சொல்றதுலதான் சந்தோஷம்னா ஹார்ட்டிகல்ச்சர் போ, அது எந்த விதத்துலயும் குறைஞ்சதில்ல. எங்க ஆபீஸ் மாதிரி இடங்கள்ல ஆர்க்கிடெக்ட் வரைஞ்ச பிளாண்டிங் பிளான பாத்து சிரிக்கிறதே ஹார்ட்டிகல்ச்சர் படிச்சவங்கதான். கரன்ட் கம்பிக்கு அடில அரச மரம் போட்டிருப்பான், பார்க்கிங்ல நாவல் மரம் வச்சிருப்பான், ஜூன் மாசம் கார் பூரா ஊதா கலரு. கொனோகார்பஸ்னு ஒரு செடி, சீக்கிரம் வளரும், பச்சையா நிக்கும், கேட்டட் கம்யூனிட்டி பூரா வரிசையா நட்டாங்க, வேர் பைப்ப பிடிக்குது, மகரந்தத்துல மூச்சுத் தொந்தரவுனு பேச்சு வந்து 2023-ல குஜராத்துல தடையே பண்ணாங்க. நம்ம பக்கம் சீமைக்கருவேலம் என்ன பாடு படுத்துதுனு உனக்குச் சொல்லணுமா? அதனால பி.ஆர்க் போனாலும் செடி உனக்குத் தெரியணும், லீவுல ஒரு நர்சரில போய் பாக்கெட் நிரப்புற வேலையாவது பாரு.

மாஸ்டர்ஸ்ல என்ன சொல்லித்தருவாங்கனா மண்ணு, நீரியல், சூழலியல், செடி, கட்டுமானம், பழைய தோட்டங்களோட வரலாறு, காண்ட்ராக்டு, எல்லாம் வரும், அத இங்க விரிக்கல. ஒரு கணக்கு மட்டும் தர்றேன், இந்த வேலையோட குணம் அதுல தெரியும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் தண்ணி நின்னா அது ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி புல்தரைனா 93 சதுர மீட்டர். நம்ம வெயிலுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு மில்லிமீட்டர் குடுக்கணும்னு வச்சுக்கோ, 465 லிட்டர், தினமும், அதுவும் மே மாசத்துல போர்ல காத்து வர்ற நேரத்துல. அதே ஆயிரம் சதுர அடி மொட்டை மாடில வருஷத்துக்கு 850 மில்லிமீட்டர் மழை, மதுரைக்கு ஏறக்குறைய அவ்வளவுதான், விழுந்தா எழுபத்தொம்பதாயிரம் லிட்டர். அஞ்சரை மாசத்துக்கு புல்லுக்கு ஊத்துற தண்ணி அது, ஆனா முக்கால்வாசி வீட்டுல சாக்கடைல போகுது. கிளையன்ட் லான் வேணும்னு நிப்பாரு, அவரு முன்னாடி இந்தக் கணக்க போட்டுக் காட்டி, லான பாதியாக்கி, மிச்ச இடத்துல ரெண்டு புங்கையும் ஒரு உக்காரும் திண்ணையும் வாங்கிட்டு வர்றதுதான் என் பொழப்பு. சில நேரம் ஜெயிப்பேன். சில நேரம் லானத்தான் போட்டுக் குடுத்துட்டு வருவேன், சம்பளம் குடுக்கணும்ல.

வெளிநாட்டு பேச்சிலர்சுக்கு வருவோம். அந்தப் படிப்பு பொய் இல்ல, நிஜமாவே இருக்கு, ரொம்ப நல்லாவும் இருக்கு. ஹார்வர்டுல 1900-லயே ஆரம்பிச்ச படிப்பு. நியூயார்க் சென்ட்ரல் பார்க்க ஓம்ஸ்டெடும் வாக்ஸும் டிசைன் பண்ணது 1858-ல, 843 ஏக்கரு, அதுல இருக்குற ஏரி குளம் எல்லாமே மனுஷன் வெட்டுனது, போறவன் இயற்கைனு நினைச்சு போட்டோ எடுக்குறான். அமெரிக்கால இது டாக்டர் வக்கீல் மாதிரி லைசென்ஸ் உள்ள தொழில், படிச்சு முடிச்சு, வேலை பாத்து, லைசென்ஸ் பரீட்சை எழுதணும். அதனால கன்சல்டன்ட்கிட்ட கேக்க வேண்டியது ஃபீஸ் எவ்வளவுன்னு இல்ல, அந்தக் கோர்சுக்கு அந்த நாட்டு தொழில் அமைப்போட அங்கீகாரம் இருக்கான்னு. அமெரிக்கால எல்ஏஏபி, இங்கிலாந்துல லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட், ஆஸ்திரேலியால ஏஐஎல்ஏ, ஒவ்வொண்ணும் அவங்க வெப்சைட்ல லிஸ்ட் போட்டு வச்சிருப்பாங்க, கன்சல்டன்ட் சொன்ன காலேஜ் பேரு அதுல இருக்கானு நீயே தேடு. கார்டன் டிசைன், என்விரான்மென்டல் ஸ்டடீஸ்னு வேற பேர்ல ஒரு கோர்ஸ காட்டி ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னா ஒண்ணு இல்ல.

ஆனா எல்லாம் சரியா இருந்தாலும் உங்க வீட்டு நிலமைக்கு நான் வேணாம்னுதான் சொல்லுவேன். எதை அடமானம் வச்சு லோன் போடப் போறாங்கனு நீ எழுதல, வீடோ வயலோவாத்தான் இருக்கணும். அங்க படிச்சு அங்கயே வேலை கிடைச்சு விசாவும் கிடைச்சாத்தான் அந்தக் கடன் அடையும், மூணுல ஒண்ணு தவறுனா திரும்பி வந்து இங்க வாங்குற சம்பளத்துல வட்டிகூட தேறாது. உனக்கு பதினேழு வயசு. இங்க பி.ஆர்க் முடிச்சுட்டு மாஸ்டர்சுக்கு வெளிய போனா ரெண்டு வருஷச் செலவுதான், ஸ்காலர்ஷிப் வாய்ப்பும் அப்ப அதிகம், கைல ஒரு தொழிலும் இருக்கும்.

சம்பளம்னு சொன்னேன்ல, அதையும் மறைக்க வேணாம். முதல் ரெண்டு மூணு வருஷம் ஆர்க்கிடெக்சர் ஆபீஸ் சம்பளத்த சொந்தக்காரங்க விசேஷத்துல சொல்லிக்க முடியாது, உங்கூட சிவிலோ கம்ப்யூட்டரோ படிச்ச பையன் ரெண்டு மடங்கு வாங்குவான். உங்கப்பா அன்னாடம் வாங்குற கூலியவிட உன் முதல் சம்பளம் குறைவா இருந்தாலும் ஆச்சரியப்படாத, நல்ல கொத்தனார் கூலி இன்னைக்கு அப்படி இருக்கு. பெரிய லேண்ட்ஸ்கேப் ஆபீஸ் எல்லாம் பெங்களூரு, டெல்லி, மும்பை, அகமதாபாத், சென்னைனு இருக்கு, மதுரைல விரல் விட்டு எண்ணலாம். இங்க வர்ற வேலை காலேஜ் கேம்பஸ், ஆஸ்பத்திரி, கொடைக்கானல் ரிசார்ட், அப்பார்ட்மென்ட், ஏதாவது கோயில் குளம். கோயில் குளம் வேலைக்குப் பணம் சரியா வராது, ஆனா எனக்கு அதுதான் பிடிக்கும். டெல்லில சுந்தர் நர்சரினு ஒண்ணு, ஹுமாயூன் கல்லறைய ஒட்டி, 90 ஏக்கரு, பழைய நர்சரிய பார்க்கா மாத்தி 2018-ல திறந்தாங்க, முகமது ஷஹீர்னு ஒரு பெரிய மனுஷரோட டிசைன், அவரு திறப்புக்கு முன்னாடியே 2015-ல போயிட்டாரு. என்னைக்காவது டெல்லி போனா ஒரு நாள் அங்க ஒதுக்கு. இந்தத் தொழில்ல ஒரு வேலைக்கு பத்து வருஷம் ஆகுறதெல்லாம் சகஜம், பொறுமை இல்லைனா சிவிலுக்கே போயிரலாம், அதுல ஒண்ணும் தப்பில்ல.

தமிழ் மீடியம்ங்கிறத பத்தி நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். ஜூரினு ஒண்ணு நடக்கும், நீ வரைஞ்சத சுவத்துல ஒட்டிட்டு நாலு பேரு முன்னாடி இங்கிலீஷ்ல விளக்கணும், முதல் வருஷம் நாக்கு ஒட்டிக்கும். படம் தெளிவா இருந்தா பாதி பேச்சு தேவைப்படாது, கண்மாய் செக்ஷன் வரைஞ்சு பழகுனவன் படம் தெளிவாத்தான் இருக்கும். மிச்சத்துக்கு தமிழ்லயே சொல்லட்டுமானு கேளு, நம்ம ஊரு காலேஜ்ல பல பேரு சரின்னுதான் சொல்லுவாங்க, ரெண்டாவது வருஷத்துல தானா வந்துரும்.

கடைசியா ஆட்டோகேட், கம்ப்யூட்டர்ல பிளான் வரையுற சாஃப்ட்வேர். இப்ப வேணாம். முதல் வருஷம் பல காலேஜ்ல கம்ப்யூட்டர தொடவே விட மாட்டாங்க, டிராஃப்டர், டிராயிங் போர்டு, பென்சில் எல்லாம் கைலதான். ரெண்டாவது வருஷத்துல ஆட்டோகேடும் ஸ்கெட்ச்சப்பும் கூடப் படிக்கிறவன பாத்தே ஒரு மாசத்துல பழகிருவ, படிக்கிற பசங்களுக்கு ஆட்டோகேட் ஃப்ரீயாவே கிடைக்குது. கிளாசுக்கு குடுக்க வச்சிருக்குற காசுல ஒரு நல்ல ஸ்கெட்ச் புக்கு, 2பி 4பி பென்சில், ஒரு முப்பது மீட்டர் டேப் வாங்கு. கூகுள் எர்த்தும், மேப் போடுற சாஃப்ட்வேர் க்யூஜிஐஎஸ்ஸும் இலவசம், ஸ்கூல் லேப்லயோ யாரு லேப்டாப்லயோ உங்க கண்மாய திறந்து வரத்துக்கால் எங்க மறியுதுனு பாத்துக்கிட்டு இரு. நாட்டா அறிவிப்பும் கவுன்சிலிங் தேதியும் வருஷா வருஷம் மாறும், அவங்க அவங்க வெப்சைட்ல மட்டும் பாரு, வாட்ஸாப்ல வர்றத நம்பி கடைசி தேதிய விட்டுறாத. வரைஞ்ச அந்த கண்மாய் செக்ஷன போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, கலுங்கு மட்டத்தையும் மடை மட்டத்தையும் எழுத்துல குறிச்சு அனுப்பு, திருத்தித் தர்றேன்.